பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-ல ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தப் போறீங்களா? ராடு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

வண்டியை உயர்த்த உயர சென்சார்ல இருக்குற சின்ன ராடு நாலையும் மாத்தணும், அந்தக் கைவேலை மட்டும் எனக்கு ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. ஆனா அதுக்கு முன்னாடி மூணு வாரம் போச்சு, பின்னாடி ஒரு எம்ஓடி (இங்கிலாந்துல வருஷா வருஷம் வண்டிக்குப் பண்ற தகுதிச் சோதனை) ஃபெயில் ஆச்சு, முன் டயர் ரெண்டும் உள்பக்கம் வழிச்ச மாதிரி தேஞ்சுது, இன்சூரன்ஸ்காரங்க போன்ல நாப்பது நிமிஷம் பாட்டு போட்டாங்க. இதையெல்லாம் யாரும் முன்கூட்டி சொல்லல. வீடியோவுல ஒருத்தர் சட்டையில அழுக்கு கூட படாம நாலு ராடை மாத்திட்டு டாட்டா காட்டிட்டுப் போறார், அதை நம்பி ஆழம் தெரியாம காலை விட்டேன். சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்கல்ல, அது அப்படியே இந்த வேலைதான்.

என் வண்டி 2007 டிஸ்கவரி 3, 2.7 டீசல், இருக்கறது லெஸ்டர்ல. வாரக்கடைசியில பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பக்கம் கிரீன் லேன் (தார் போடாத கிராமத்து மண்பாதை) ஓட்டப் போவோம். டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளமாகி நடுவுல மண்ணு மேடா நிக்கும் பாருங்க, அதுல வயிறு உரசுது. நார்மல் உயரத்துல தரைக்கும் வண்டிக்கும் 185 மி.மீ., ஆஃப்ரோடு பட்டனை அமுக்கினா 240 மி.மீ., ஆனா 30 மைல் வேகத்தைத் தாண்டினா தானா இறங்கிடும். எனக்கு அந்த ரெண்டு உயரமுமே கொஞ்சம் கூட வேணும்னு தோணுச்சு, அவ்ளோதான் காரணம். (லண்டனுக்குள்ள இருக்கீங்கன்னா இதுல காசு போடறதுக்கு முன்னாடி யூலெஸ் (புகை அதிகம் விடற வண்டிக்கு லண்டன்ல போடற கட்டணம்) கணக்கைப் பாருங்க. இந்த டீசல் எதுவும் அதுக்கு வேண்டிய யூரோ 6 புகைத் தரம் கிடையாது, வண்டியை வெளிய எடுக்கற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.)

முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கும் இதுல பெரும்பாலும் பொருந்தும். பழைய பி38 ரேஞ்ச் ரோவர் வேற சமாச்சாரம், அதுக்கு இதை வச்சு எதுவும் பண்ணாதீங்க.

1. முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நிமிஷம்

நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. ஒவ்வொரு மூலையிலயும் சேஸிஸ்ல ஒரு உயர சென்சார் உக்காந்திருக்கும், அதுலேர்ந்து பென்சில் துண்டு மாதிரி ஒரு சின்ன ராடு சஸ்பென்ஷன் ஆர்முக்குப் போகும். வண்டி இறங்கினா ராடு சென்சாரைத் திருப்பும், கம்ப்யூட்டர் பாத்துட்டு காத்து அடிச்சுத் தூக்கும். நாம பண்றது என்னன்னா அந்த ராடோட நீளத்தை மாத்தி "வண்டி இறங்கிடுச்சு"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்றது. அது நம்பி இன்னும் கொஞ்சம் காத்து அடிக்கும், வண்டி ஏறி நிக்கும்.

பைக்குள்ள புதுசா ஒண்ணும் போடல, ஷாக் அப்சார்பரும் நீளமாகல. மேல ஏத்தின அளவுக்கு சக்கரம் கீழ தொங்குற இடம் குறையும், அதனால சவாரி கொஞ்சம் விறைப்பாத்தான் ஆகும். ஒரு நல்லது, இந்த வண்டியில முன்னாடி பின்னாடி ரெண்டும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் சேஸிஸோட சேந்து மேல போயிடும். பழைய டிஃபென்டர்ல ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் ஆக்சில் அதே இடத்துலதான் தொங்கும், இதுல அந்தப் பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, அடிமட்ட மாடல் சிலதுல ஏர் சஸ்பென்ஷனே கிடையாது, சாதா காயில் ஸ்பிரிங்தான். கியர் பக்கத்துல வண்டியை ஏத்தி இறக்குற சுவிட்ச் இல்லன்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல.

2. ராத்திரி டெஸ்ட்: எங்க காத்து போகுதுன்னு பாருங்க

இதைத் தாண்டிப் போகாதீங்க. 15, 20 வருஷ வண்டியில எங்கயாவது ஒரு மூலையில காத்து கசியாம இருந்தா அது அதிசயம். கசியிற பையை இன்னும் மேல தூக்கி வச்சா கம்ப்ரஸர் ஓயாம ஓடிச் செத்துப் போகும், கம்ப்ரஸர் விலை ராடு விலையை விட ஆறேழு மடங்கு.

சும்மா ராத்திரி நிறுத்திட்டு காலையில பாத்தா ஒண்ணும் தெரியாது, இங்கதான் நான் முதல் வாரம் ஏமாந்தேன். வண்டியை ஆஃப் பண்ணதும் கம்ப்யூட்டர் தூங்கிடும்னு நெனைக்கிறோம், அப்படி இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை முழிக்கும், அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழிச்சுப் பாக்கும், ஒரு மூலை இறங்கியிருந்தா மத்த மூணையும் அதுக்குச் சமமா இறக்கிடும். காலையில போய்ப் பாத்தா நாலும் ஒண்ணா இறங்கி சமத்தா நிக்குது, எது குற்றவாளின்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

அதனால இப்படிப் பண்ணுங்க. வண்டியை சமதளத்துல நிறுத்தி, நார்மல் உயரத்துல வச்சு, ஆஃப் பண்ணி, ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸைப் பிடுங்கிடுங்க (எதுன்னு ஹேண்ட்புக்ல ஃபியூஸ் பக்கத்துல இருக்கும்). சக்கரத்து நடுவுல இருக்குற மூடியோட மையத்துலேர்ந்து நேர் மேல வீல் ஆர்ச் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளங்க. தரையிலேர்ந்து அளக்காதீங்க, டயர் காத்து கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலே கணக்கு மாறும். ஆர்ச்ல ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதுலயே அளவை எழுதி வச்சிருங்க. காலையில மறுபடி அளங்க.

நான் ஜனவரி மாசம், காலையில ஆறரை மணி, கையுறைக்குள்ள விரல் மரத்துப் போய் டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அளந்தேன். மூணு மூலை ரெண்டு மூணு மி.மீ. தான் மாறியிருந்துச்சு, பின் வலது மட்டும் 31 மி.மீ. இறங்கியிருந்துச்சு. அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கலக்கி ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி பையைச் சுத்தி அடிச்சேன், பை மடிஞ்சு உருளுற இடத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு, அதுலேர்ந்து கடுகு கடுகா நுரை மொட்டு விட்டுச்சு. அங்கயே தெரிஞ்சு போச்சு. இதுக்கு நுரை அடிக்கும்போது பையில காத்து இருக்கணும், வண்டிக்கு அடியில தலையை விடறதா இருந்தா ஸ்டாண்ட் இல்லாம விடாதீங்க, அதை கீழ தனியா சொல்றேன்.

ஒரு மூலை மட்டும் இறங்கினா பெரும்பாலும் பை, இல்லன்னா பைக்குப் போற குழாய் மாட்டுற இடம். முன்னாடி ரெண்டும் சேந்து இறங்கினா முன் வால்வ் பிளாக் (பைகளுக்குக் காத்தைப் பிரிச்சு விடற வால்வ் தொகுப்பு) மேல சந்தேகப்படுங்க, பின்னாடி ரெண்டும்னா பின் வால்வ் பிளாக். குழாய் முனைன்னா செலவே இல்ல, அரை இன்ச் வெட்டி புது ஃபிட்டிங் போட்டா முடிஞ்சுது.

3. கம்ப்ரஸர் தெம்பா இருக்கா?

இடது பக்கம் அடியில, பின் சக்கரத்துக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள இருக்கும். ஆக்சஸ் உயரத்துலேர்ந்து (ஆளுங்க ஏறி இறங்க வண்டி தாழ்ந்து நிக்கிற நிலை) நார்மலுக்கும், நார்மல்லேர்ந்து ஆஃப்ரோடுக்கும் தூக்கச் சொல்லி நேரம் பாருங்க. முக்கி முனகி நிமிஷக்கணக்குல தூக்குதுன்னா, இல்ல அம்பர் லைட் எரிஞ்சு "நார்மல் ஹைட் ஒன்லி"ன்னு வந்தா, ஸ்கேன் பண்ணிப் பாருங்க. சி1ஏ20னு ஒரு எரர் கோடு இந்த வண்டிக்காரங்க எல்லாருக்கும் மனப்பாடம். காத்துத் தொட்டியில பிரஷர் ஏற ரொம்ப நேரம் ஆகுதுன்னு அர்த்தம். தேஞ்ச கம்ப்ரஸரா இருக்கலாம், ஈரம் உறிஞ்சுற டிரையர் தூளாகி அடைச்சிருக்கலாம், கம்ப்ரஸரோட எக்ஸாஸ்ட் சைலன்சர் அடைச்சிருக்கலாம். கடைசி ரெண்டும் சின்னச் செலவுதான், அதை முதல்ல பாருங்க, கேரேஜ்ல போனா நேரா புது கம்ப்ரஸர்தான் சொல்வாங்க.

கம்ப்ரஸரை மாத்துறதுன்னா கூடவே ரிலேவையும் மாத்திடுங்க, சில பவுண்டு சமாச்சாரம். பழைய ரிலே ஒட்டிக்கிட்டா புது கம்ப்ரஸர் வண்டி ஆஃப்ல இருக்கும்போதும் ஓடி ஓடி எரிஞ்சு போகும். பழசு ஹிட்டாச்சி, பின்னால வந்தது ஏஎம்கே. ஹிட்டாச்சியை எடுத்துட்டு ஏஎம்கே போட்டா சஸ்பென்ஷன் கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வேணும், அதைப் பண்ணாம மாட்டிட்டு "புதுசும் வேலை செய்யலயே"ன்னு நிக்கறவங்களை நானே பாத்திருக்கேன்.

4. எவ்ளோ உயர்த்தலாம்

கடையில விக்கிறது பெரும்பாலும் 2 இன்ச், அதாவது 50 மி.மீ. கிட். எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க, நானும் வாங்கினேன், ஆனா ஓட்டிப் பாத்துட்டு 30-க்கு இறக்கிட்டேன். ராடு மாத்தினா ஒவ்வொரு உயரமும் மேல போகுது. மோட்டார்வேல 70-ல போகும்போதும் அதே 50 மி.மீ. ஏறின நிலைதான், ரெண்டரை டன் வண்டி, வளைவுல சாயிறது நல்லாவே தெரியும். டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடுது, ஜாயின்ட் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். ஆஃப்ரோடு மோடுல இன்னும் 55 மேல போனா சக்கரம் கீழ போக இடமே இல்லாம டக் டக்குன்னு இடிக்கும்.

ஆக்சஸ் உயரமும் ஏறிடும். எங்க அம்மா முன்னெல்லாம் வந்திருந்தப்போ தானா ஏறி உக்காந்தவங்க, ராடு போட்ட பிறகு "என்னடா லாரி மாதிரி ஆக்கி வச்சிருக்க"ன்னு திட்டிட்டு பஸ்ல போறேன்னாங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா இதையும் கணக்குல வைங்க.

தினசரி ஓட்டுற வண்டின்னா 25, 30 போதும்ங்கறது என் கருத்து.

5. ராடா, டூலா

ரெண்டு வழி இருக்கு.

ராடு: நாலுக்கும் சேத்து எனக்கு 85 பவுண்டு ஆச்சு. நீளம் மாறாத ராடு வாங்காதீங்க, நடுவுல திருகி நீளம் மாத்துற மாதிரி அட்ஜஸ்டபிள் ராடு வாங்குங்க. முன் ராடும் பின் ராடும் ஒண்ணு இல்ல. எனக்கு முதல் தடவை வந்த பாக்கெட்ல நாலும் முன் ராடா இருந்துச்சு, திருப்பி அனுப்பி வர ஒன்பது நாள். பாக்கெட்டைப் பிரிச்ச உடனே கழட்டாம பழைய ராடு பக்கத்துல வச்சுப் பாருங்க.

டூல்: கேப் ஐஐடி டூல்னு ஒண்ணு, வண்டியோட ஓபிடி பிளக்ல (கோளாறு படிக்கற கருவி மாட்டுற இடம்) மாட்டி போன்லயே ஒவ்வொரு மூலைக்கும் உயரக் கணக்கை மாத்தி எழுதலாம். ராடே வேணாம். 400 பவுண்டுக்கு மேல ஆகும். வண்டிக்கு லைசன்ஸ் பூட்டிடும், நண்பன்கிட்ட இரவல் வாங்கி உங்க வண்டியில போட்டா வேலை செய்யாது, புது வண்டிக்குத் தனியா லைசன்ஸ் வாங்கணும்.

எதுன்னு கேட்டா, இந்த வண்டியை இன்னும் ரெண்டு வருஷம் வச்சிருக்கப் போறீங்கன்னா டூல். உயர்த்துறதுக்கு மட்டும் இல்ல, கோடு படிக்க, கம்ப்ரஸர் அப்டேட் பண்ண, ஹேண்ட்பிரேக் தகராறு பாக்கன்னு கேரேஜுக்குப் போற காசை மிச்சம் பண்ணும். நான் முதல்ல ராடு வாங்கி, கசிவு தேடும்போது டூலும் வாங்கி, ரெண்டு செலவும் பண்ணேன். புத்திசாலித்தனம் இல்ல.

6. இன்சூரன்ஸ், பேப்பர்: வேலைக்கு முன்னாடி, பின்னாடி இல்ல

சஸ்பென்ஷன் உயர்த்துறது மாடிஃபிகேஷன். ராடு சுண்டுவிரல் சைஸ்தானேன்னு சொல்லாம விட்டா, நாளைக்கு விபத்து ஆனப்போ கிளெய்ம் கொடுக்க மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிரும். ராடு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. என்னோட கம்பெனி முதல்ல "உயர்த்தின வண்டி எடுக்கறதில்ல"ன்னாங்க, நான் எவ்ளோ மி.மீ., பார்ட் பேரு என்ன, பை எல்லாம் கம்பெனி அளவுதான்னு சொன்ன பிறகு அண்டர்ரைட்டர்கிட்ட (பாலிசி கொடுக்கலாமான்னு முடிவு பண்றவர்) கேட்டுட்டு சரின்னாங்க. கூடுதல் பிரீமியம் 42 பவுண்டு, மாத்தி எழுதற ஃபீஸ் 25.

போன்ல சரின்னு சொன்னா போதாது. "30 மி.மீ. உயரம், ஹைட் சென்சார் ராடு மூலமா"ன்னு எழுத்துல மெயில் வாங்குங்க, பாலிசி டாக்குமென்ட்ல மாடிஃபிகேஷன் பகுதியில அது வந்திருக்கான்னு பாருங்க. என்னோடதுல முதல்ல "அலாய் வீல்"னு போட்டு அனுப்பினாங்க, கேட்டா பக்கத்து டிராப்டவுன்ல தப்பா கிளிக் பண்ணிட்டாங்களாம். ஒத்துக்கவே மாட்டேன்னா, மாடிஃபைடு வண்டிக்குன்னே பாலிசி கொடுக்கற புரோக்கர்கள் இருக்காங்க, ரெனியூவல் தேதி பக்கத்துல இருந்தா அதுவரைக்கும் காத்திருந்து மாறுங்க, நடுவுல கேன்சல் பண்ணா அதுக்கு ஒரு தண்டம்.

டிவிஎல்ஏகிட்ட (வண்டிப் பதிவு அலுவலகம்)? வி5சி லாக்புக்ல (வண்டியோட பதிவுச் சான்று) இன்ஜின், கலர், சேஸிஸ், பாடி மாதிரி மாத்தினாத்தான் எழுதணும், சஸ்பென்ஷன் உயரத்துக்குன்னு அதுல கட்டமே இல்ல. அவங்களுக்கு நான் ஒண்ணும் அனுப்பல.

ஒரு கவர்ல ராடு பில், அலைன்மென்ட் ரிப்போர்ட், இன்சூரன்ஸ் மெயில் பிரிண்ட், முன்ன பின்ன எடுத்த போட்டோ எல்லாம் போட்டு வைங்க. விக்கும்போது உதவும்.

7. வேலை நாள்

சனிக்கிழமை காலையில ஆரம்பிங்க, ஞாயித்துக்கிழமை இல்ல. ஏதாவது உடைஞ்சா சனி மத்தியானம் கடை திறந்திருக்கும்.

வேணுங்கறது: 3 டன் தாங்குற ஆக்சில் ஸ்டாண்ட், நல்ல டிராலி ஜாக், சக்கரத்துக்கு முட்டு, பிளாஸ்டிக் டிரிம் கழட்டுற லிவர், ஸ்பேனர், துருவை இளக்க ஊடுருவுற எண்ணெய், டேப், பேட்டரி சார்ஜர்.

இப்போ முக்கியமானது. வண்டியை ஆஃப்ரோடு உயரத்துல தூக்கி வச்சுட்டு அடியில படுத்து வேலை பாக்கறாங்க சில பேரு, தயவு செஞ்சு பண்ணாதீங்க. கம்ப்யூட்டர் முழிச்சு மூலையை இறக்கும்னு மேல சொன்னேன்ல, அது நீங்க அடியில இருக்கீங்களான்னு பாக்காது. குழாய் கழண்டா இன்னும் மோசம், மூச்சு விடறதுக்குள்ள வண்டி நெஞ்சு மேல. ஃபியூஸைப் பிடுங்குங்க, ஜாக் போடுங்க, சேஸிஸ்க்கு அடியில ஸ்டாண்ட் வைங்க, வண்டியோட பாரம் ஸ்டாண்ட்ல உக்காந்துச்சான்னு தள்ளிப் பாருங்க, அப்புறம் அடியில கையை நுழைங்க.

சக்கரத்தைக் கழட்டிட்டா வேலை சுலபம். பழைய ராடை பந்து மூட்டுலேர்ந்து லிவர் வச்சு மெதுவா நெம்பினா "டப்"னு வரும். வரலன்னா எண்ணெய் அடிச்சு பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்க. நான் டீ குடிக்காம ஸ்குரூடிரைவரைப் போட்டு நெம்பினேன், ராடு வரல, சென்சாரோட கையே முறிஞ்சு வந்துச்சு. பிளாஸ்டிக் உள்ள வெள்ளையா பல்லை இளிக்குது. அந்த ஒரு நெம்புல 70 பவுண்டு போச்சு, மூணு நாளும் போச்சு.

புது ராடை மாட்டுறதுக்கு முன்னாடியே நாலையும் மேஜை மேல வச்சு, முன் ரெண்டும் ஒரே நீளம், பின் ரெண்டும் ஒரே நீளம்னு சரி பண்ணி லாக் நட்டை விரல் இறுக்கத்துல விட்டுருங்க. மாட்டினதும் சென்சார் கை மேல கீழ தடங்கல் இல்லாம போகுதான்னு கையால ஆட்டிப் பாருங்க, எங்கயாவது ராடு முறுக்கிக்கிட்டு கை திரும்பி மறுபக்கம் விழுந்துச்சுன்னா வண்டி ஒரு மூலையில மட்டும் கூரை வரைக்கும் தூக்கிக்கிட்டு நிக்கும்.

நாலும் முடிஞ்சு, சக்கரம் மாட்டி, ஸ்டாண்ட் எடுத்து, அடியில ஸ்பேனர் பூனை எதுவும் இல்லன்னு பாத்துட்டு, ஃபியூஸைப் போட்டு, கதவு எல்லாம் மூடி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. கதவு திறந்திருந்தா அது உயரம் மாத்தாது, "ஒண்ணும் ஆகலயே"ன்னு பயந்துராதீங்க.

8. அளவு சரி பண்றது

இங்கதான் பொறுமை. ராடு நீளத்தை 1 மி.மீ. மாத்தினா வண்டி 1 மி.மீ. ஏறாது, நடுவுல நெம்புகோல் கணக்கு ஒண்ணு இருக்கு, அதனால ரெண்டு சுத்து திருகு, ஓட்டு, அள, மறுபடி திருகுன்னுதான் போகணும். ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பத்தடி முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிட்டு அளங்க, இல்லன்னா டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு பொய் அளவு காட்டும். பேட்டரியில சார்ஜரைப் போட்டு வைங்க, வோல்டேஜ் குறைஞ்சா இந்த வண்டி சம்பந்தமே இல்லாத நாலு எரரைக் காட்டும்.

இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ள கொண்டு வந்தேன், முன்ன பின்ன ரெண்டும் பழைய அளவுலேர்ந்து ஒரே அளவு ஏறியிருக்கணும். தரை சமதளமா இருக்கணும். என் வீட்டு டிரைவ்வே மழைத்தண்ணி ஓட தெருப்பக்கம் லேசா சரிவு, கண்ணுக்குத் தெரியாது. அதுல வச்சு அளந்ததுல முன்பக்கம் பின்பக்கத்தை விட 12 மி.மீ. கூட ஏறிடுச்சு, அதோட பலன் அடுத்த பகுதியில வருது. சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல ராத்திரி ஒரு நீளமான லெவல் மட்டம் வச்சுப் பாத்துட்டு அளந்தா உத்தமம்.

9. அலைன்மென்ட், ஹெட்லைட், எம்ஓடி

அலைன்மென்ட்டை அடுத்த வாரமே பண்ணுங்க. நான் "நேராத்தானே போகுது"ன்னு 2,500 மைல் ஓட்டினேன், முன் டயர் வெளியிலேர்ந்து பாத்தா புதுசு, உள்விளிம்பு கம்பி தெரியுற அளவுக்கு தேஞ்சிருந்துச்சு. நாலு சக்கர அலைன்மென்ட் 90 பவுண்டுக்குள்ள முடியும். ஆனா ஒரு பொறி இருக்கு. முன் கீழ் ஆர்ம்ல கோணம் மாத்துற போல்ட் ரெண்டு இருக்கும், அது புஷ்ஷுக்குள்ள (ஆர்ம் மூட்டுல இருக்குற ரப்பர் உறை) துருப்பிடிச்சு ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கும், திருகவே முடியாது. எங்க பக்கத்து கேரேஜ் பஞ்சாபி அண்ணன் ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டுப் பாத்துட்டு சிரிச்சார், "கிரைண்டர்தான்"னார். போல்ட்டை அறுத்து, ஆர்ம் ரெண்டும் புதுசு போட்டு, கூலியோட 480. இந்த வண்டியில முன் கீழ் ஆர்ம் புஷ் எப்படியும் போகக்கூடியதுதான், அதனால உங்க பட்ஜெட்ல இதை முதல்லயே எழுதிடுங்க, போல்ட் திரும்பிச்சுன்னா லாட்டரி.

எம்ஓடில உயர்த்தினதுக்காக ஃபெயில் பண்ண மாட்டாங்க. ஆனா அதனால வர்றதுக்கு பண்ணுவாங்க: கிழிஞ்ச டிரைவ் ஷாஃப்ட் பூட், ஆடுற புஷ், பால் ஜாயின்ட், பையில காத்துக் கசிவு, ஹெட்லைட் குறி. எனக்கு விழுந்தது ஹெட்லைட். முன்பக்கம் 12 மி.மீ. தூக்கிக்கிட்டு இருந்ததுல எதுத்தாப்ல வர்றவங்க கண்ணுல அடிச்சிருக்கு, அவங்க லைட் அடிச்சுத் திட்டும்போதே புரிஞ்சிருக்கணும். என்னோடது ஹாலோஜன், தானா சரி பண்ணிக்காது. செனான் லைட் வச்ச வண்டியில லைட்டோட லெவல் கணக்குக்கும் அதே உயர சென்சாரைத்தான் நம்புது, நாம அதுகிட்ட பொய் சொல்லியிருக்கோம், அதனால அதையும் பீம் செட்டர்ல (ஹெட்லைட் குறி அளக்கற கருவி) வச்சுப் பாத்துருங்க. உயரத்தை முன்ன பின்ன சமமாக்கினதுமே பாதி சரியாச்சு, மீதி திருகுல.

எம்ஓடி முடியுற தேதிக்கு ஒரு மாசம் (ஒரு நாள் குறைவா) முன்னாடியே பண்ணாலும் பழைய தேதி மாறாது. அதனால முதல்ல எம்ஓடி முடிச்சு, அதுல சீக்கிரம் கவனிக்கச் சொல்லி எழுதித் தர்ற அட்வைசரி பேப்பரைப் பாத்து புஷ், பூட் எல்லாம் சரி பண்ணி, அப்புறம் ராடைப் போடுங்க. நான் தலைகீழா பண்ணேன்.

10. எனக்கு ஆன செலவு

ராடு 85, டூல் 430, பின் வலது காத்துப் பை 310, உடைச்ச சென்சார் 70, ஆர்ம் வேலை 480, அலைன்மென்ட் 90, இன்சூரன்ஸ் 67, முன் டயர் ரெண்டு 260, எம்ஓடி 54.85. கூட்டினா ஆயிரத்து எண்ணூத்தைத் தாண்டுது, அதுல ராடு வெறும் 85. ஒழுங்கான வரிசையில பண்ணியிருந்தா டயரும் சென்சாரும் மிச்சம். நாள் கணக்குல பாத்தா கசிவு தேட ஒரு வாரம், பார்ட் வர ஒன்பது நாள், இன்சூரன்ஸ் நாலு நாள், வேலை ஒரு சனிக்கிழமை, அளவு சரி பண்ண இன்னொரு சனிக்கிழமை.

11. அப்புறம் மாட்டிக்கிற இடங்கள்

கார் பார்க்கிங்: இந்த வண்டி சாதாரணமாவே சுமார் 1.89 மீட்டர் உயரம். 50 மி.மீ. ஏத்தினா 1.94, மேல ரூஃப் ராக் இருந்தா கேக்கவே வேணாம். ஊருக்குள்ள பழைய மாடி பார்க்கிங்ல தடுப்பு 1.9, 1.95னு இருக்கும். வண்டியோட உண்மையான உயரத்தை அளந்து ஒரு சீட்டுல எழுதி சன்வைசர்ல ஒட்டி வைங்க.

டிரெய்லர், கேரவன்: டோ பால் (டிரெய்லரை மாட்டுற குண்டு) மையம் பாரத்தோட தரையிலேர்ந்து 350 முதல் 420 மி.மீ.க்குள்ள இருக்கணும். உயர்த்தினா அது தாண்டிடலாம், கேரவன் மூக்கைத் தூக்கிக்கிட்டு வரும், ஆட்டம் போடும். இழுக்கற நாள்ல டூல்ல பழைய கணக்கைத் திரும்பப் போட்டுருவேன், டூலுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய டயர்: அடுத்து இது தோணும், தெரியும். 255/60 ஆர்18-லேர்ந்து 265/65 ஆர்18-க்குப் போறாங்க. விட்டம் 763-லேர்ந்து 802 மி.மீ., நிஜமா கூடுற உயரம் அதுல பாதிதான். ஆனா ஸ்பீடோமீட்டர் அஞ்சு சதவீதம் குறைச்சுக் காட்டும், ஆக்சஸ் உயரத்துல ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பினா உள் லைனர்ல உரசும், இன்சூரன்ஸுக்கு மறுபடி போன். ஒரே நேரத்துல ரெண்டையும் பண்ணாதீங்க, எது எதனால சத்தம் போடுதுன்னு தெரியாமப் போயிரும்.

500 மைல் ஓடினதும் நாலு மூலையும் மறுபடி அளங்க, லாக் நட்டைப் பாருங்க. என்னோடதுல முன் இடது நட்டு தளர்ந்து 8 மி.மீ. இறங்கியிருந்துச்சு, திருகு தளராம பிடிக்கற பசை ஒரு சொட்டு வச்சு இறுக்கினேன், இதுவரைக்கும் நகரல. பழைய ராடு நாலையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஒரு பையில போட்டு "முன்", "பின்"னு எழுதி பின் சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன், கூட ஒரு டிரிம் லிவரும்.